அடுப்பு சொன்ன பொய்

அத்தியாயம் 14

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் வேண்டும் என்று முதியோர் இல்லத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஜன்னல் வைத்த அறை ஒன்று காலியாகியிருக்கிறது. வேண்டுமா, வேண்டாமா? ஐந்து தாண்டினால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும்.

அண்ணன் வேண்டும் என்றான். அம்மா, "உங்க இஷ்டம்" என்றாள். சின்னவள் வாயே திறக்கவில்லை. அவள் வாயைத் திறக்காததைச் சம்மதம் என்று அண்ணன் எடுத்துக்கொண்டான்.

போன வாரப் புகையை அவ்வளவு சீக்கிரம் யாரும் மறந்திருக்க முடியாது. மேல் வீட்டுக் குழந்தைக்காக அம்மா ஓவனில் வைத்த கேக் கரிக்கட்டையாகி, மாடிப்படி முழுக்கப் புகை சூழ்ந்து, தீயணைப்பு வண்டி வந்து, தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. அன்றைக்கே அண்ணன் ஓவனின் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்துவிட்டான்.

ஐந்து மாதத்தில் கருகியதில் அது ஏழாவது கேக்.

முப்பது வருஷம் மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக் கொடுத்தவள் அம்மா. காலையில் ஒன்று, சாப்பிட்ட பின் ஒன்று என்று உறை மேல் எழுதி எழுதி, வீட்டிலும் அதே பழக்கம். சர்க்கரை டப்பா, பால் பாட்டில், காலண்டரின் பின்பக்கம் எல்லாவற்றிலும் தேதி போட்டுவிடுவாள். அப்படிப்பட்டவள் ஏழு கேக்கைக் கருக்கினால் வீட்டில் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

டாக்டரும் பிடி கொடுத்துப் பேசவில்லை. "வயசுக்கான மறதியா, வேற ஏதாவதான்னு இப்பவே சொல்ல முடியாது. வீட்டுல என்னென்ன நடக்குதுன்னு எழுதிட்டு வாங்க" என்றார்.

அண்ணன் எழுதினான். பஸ் டிப்போவில் வண்டி வரும் நேரம், போகும் நேரம் குறிக்கிற வேலை அவனுக்கு. எழுதுவதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்பது வரிகள் எழுதினான். அதில் ஏழு, கேக்.

இதில் சின்னவள் செய்த ஒரு காரியம் உண்டு.

பகலில் அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் வீட்டுச் சாதனங்கள் பழுதுபார்க்கும் வகுப்பு. கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறாள். எதைக் கழற்றினாலும் அதில் எழுதிவிட்டுத்தான் கழற்றுவாள். எழுதிய பிறகும் சரியாக எழுதினோமா என்று இன்னொரு தடவை பார்ப்பாள். அண்ணன் அவளுக்கு 'மீட்டர்' என்று பெயரே வைத்துவிட்டான்.

மூன்று வாரத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை, மின்தடை அளக்கும் நிஜ மீட்டரை வைத்து ஓவனின் சென்சாரைச் சோதித்தாள். பென்சில் நீளத்தில் ஓர் உலோகக் குச்சி அது. ஓவனுக்குள் எவ்வளவு சூடு என்று அதுதான் எண் காட்டும் முன்பக்கப் பலகைக்குச் சொல்லும். சூடு ஏற ஏற அதன் மின்தடையும் ஏறும். வகுப்பில் கொடுத்த அட்டவணைப்படி அன்றைய வெயிலுக்கு அது 1109 ஓம் காட்ட வேண்டும். அச்சுப் பிசகாமல் 1109 காட்டியது.

"ஓவன் சரியாத்தான்மா இருக்கு" என்றாள்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே, "அப்போ நான்தான்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அன்றிலிருந்து அடுப்பை அணைத்தோமா என்று அவளே எழுந்து எழுந்து போய்ப் பார்க்க ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமை வகுப்பில், பழைய பக்கங்களைப் புரட்டும்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. அவளுடைய கையெழுத்திலேயே இருந்தது. 'சென்சாரை ஆறிய நிலையிலும் சூடான நிலையிலும், இரண்டு தடவை பார்க்க வேண்டும்.' 'இரண்டு தடவை'யின் கீழ் அவளே கோடும் போட்டிருந்தாள்.

ஒரு தடவைதான் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

*

சனிக்கிழமை காலை கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றாள். அடுப்புச் சாமான்கள் விற்கும் கடை, தெருக்கோடியில்.

"ஓவனுக்குள்ளே தொங்கவிடுற தெர்மாமீட்டர் இருக்கா? வட்டமா, முள்ளு வெச்சது."

கடைக்காரம்மா ஏணியில் ஏறாமலேயே கைநீட்டி எடுத்தாள். "இது ஏன்னு தெரியலை, உங்க தெருவுல நல்லா ஓடுது."

"எல்லாரும் கேக் போடுறாங்களோ என்னவோ."

"போடட்டும், போடட்டும். தீயணைப்பு வண்டி வராம போட்டா சரி."

சின்னவள் முகம் சுருங்கியதைப் பார்த்து, "ஐயோ, உங்க வீடா அது? சும்மா சொன்னேம்மா" என்று கடைக்காரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தால், அம்மா சாப்பாட்டு மேஜை மேல் தன் புடவைகளை மடித்து மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆறு அடுக்கியிருந்தாள். இல்லத்தில் கொடுக்கும் அலமாரி சின்னது என்று அண்ணன் சொல்லியிருந்தான்.

"இதுல எது கொண்டு போகட்டும்டி? நீலத்தைக் கொண்டு போனா அங்க இருக்கிறவங்க ரொம்ப ஆடம்பரக்காரின்னு நெனச்சுப்பாங்களா?"

"அம்மா, அதை அப்புறம் பாத்துக்கலாம். இன்னிக்கு ஓவனை ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும்."

"வேண்டாம்டி." அம்மாவின் கை புடவை மேலேயே நின்றது. "மறுபடி புகை வந்தா மேல் வீட்டுக்காரி மூஞ்சியில எப்படி முழிக்கறது?"

"உள்ளே ஒண்ணும் வைக்கப் போறதில்லை. வெறும் ஓவன்தான். காத்து எரிஞ்சா புகையுமா?"

"நான் பக்கத்துல இருந்தா காத்தும் எரியும்" என்று அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே முடியவில்லை.

சின்னவள் நோட்டைத் திறந்தாள். நடுவில் ஒரு கோடு இழுத்தாள். இடப்பக்கம் 'காட்டுவது' என்று எழுதினாள். வலப்பக்கம் 'உள்ளே இருப்பது'. ரப்பர் பேண்டைக் கழற்றி, வயரைப் பிரித்து, பிளக்கைச் செருகினாள். வட்டத் தெர்மாமீட்டரை நடுத்தட்டில் தொங்கவிட்டு, கதவைச் சாத்தி, 180 என்று வைத்தாள்.

பிறகு கண்ணாடிக் கதவுக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். உள்ளே மஞ்சள் விளக்கு. முள் மெதுவாக நகர்ந்தது.

அம்மாவும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் ரிசல்டுக்கு உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி இருவரும் கதவையே பார்த்தார்கள்.

பலகை 100 காட்டியபோது முள்ளும் 100-ஐத் தொட்டது. இரண்டையும் எழுதினாள். 120-க்கும் கிட்டத்தட்ட 120. சின்னவளின் பேனா நின்றது. இதுவும் சரியாக இருந்துவிட்டால்? இரண்டாம் தடவையும் அம்மாவுக்கு எதிராகத் தானே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடுமே. பேசாமல் பிளக்கைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. தெரியாமல் இருந்தால் நம்பிக்கையாவது மிச்சம் இருக்கும்.

அப்போதுதான் முள் முந்த ஆரம்பித்தது.

பலகை 130. முள் 150.

பலகை 150. முள் 185.

"அம்மா."

"என்னடி?"

"இங்க வா. வந்து பாரு."

பலகை 180 காட்டி, 'தயார்' என்று ஒரு தடவை கூவியது. முள் 225-இல் நின்றது.

அம்மா குனிந்தாள். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். பலகையைப் பார்த்தாள். முள்ளைப் பார்த்தாள். மறுபடி பலகை.

"ஓவனா?" என்றாள். குரல் உள்ளேயே போய்விட்டது. "ஓவனாடி?"

"ஓவன்தாம்மா."

சின்னவள் அழவில்லை. அழுதால் வேலை கெட்டுவிடும். பிளக்கைப் பிடுங்கினாள். ஓவனைச் சுவரிலிருந்து இழுத்து, பின் தகட்டின் ஆறு திருகாணிகளையும் கழற்றினாள். ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே தட்டில் வைத்தாள். அதற்குள் உள்ளே சூடு இறங்கி, முள் 180-க்கு வந்திருந்தது. சென்சாரின் இணைப்பைப் பிரித்து மீட்டர் முனைகளை வைத்தாள்.

அட்டவணைப்படி 1685 இருக்க வேண்டும். மீட்டரில் 1540.

"பாத்தியாம்மா, நூத்தி நாப்பது டிகிரின்னு இது சொல்லுது. உள்ளே நூத்தி எண்பது. பலகை என்ன பண்ணும் பாவம்? இன்னும் சூடு பத்தலைன்னு ஏத்திக்கிட்டே போகும்."

விரலால் வயரைத் தடவிக்கொண்டே போனவள், தகரத்தில் ஓர் ஓட்டை வழியாக வயர் நுழையும் இடத்தில் நின்றாள். இரண்டு வயர்களின் உறையும் அங்கே தேய்ந்து, எண்ணெய்க் கரி படிந்திருந்தது. ஆறியிருக்கும்போது வயர் சும்மா கிடக்கும். சூடேறித் தகரம் விரிந்தால், தேய்ந்த இடம் அதில் போய் ஒட்டிக்கொண்டு மின்தடையைக் குறைத்துக் காட்டும். அதனால்தான் செவ்வாய்க்கிழமை அத்தனை யோக்கியமாக 1109 காட்டியது. அதனால்தான் ஒரு கேக் நன்றாக வரும், அடுத்த கேக் கரியும்.

அம்மா ஓவனின் முன்னால் போய் நின்றாள். கையை ஓங்கி, அதன் தலையில் படாரென்று ஓர் அடி வைத்தாள்.

"அஞ்சு மாசமா என்னைப் பைத்தியக்காரி ஆக்கி வெச்சிருந்தியேடா பாவி! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாது?"

பிறகு மேஜைக்குப் போய், அடுக்கி வைத்த ஆறு புடவைகளையும் அப்படியே அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பீரோக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சின்னவள் அப்போதுதான் அழுதாள், ஓவனின் முதுகுக்குப் பின்னால், யாருக்கும் தெரியாமல்.

*

நாலு மணிக்கு வருகிறேன் என்ற அண்ணன் இரண்டரைக்கே வந்துவிட்டான். கையில் புதுப் பெட்டி. சக்கரம் வைத்தது, பழுப்பு நிறம், விலைச்சீட்டுகூடப் பிரிக்கவில்லை.

ஓவன் நடுவீட்டில் முதுகைத் திறந்துபோட்டு நிற்பதைப் பார்த்ததும், "ஏய் மீட்டர், என்ன இது? ரப்பர் பேண்டை யார் எடுத்தது?" என்றான்.

"கத்தாதே. உக்காரு. ஒரு அரை மணி நேரம்."

"அரை மணி நேரமா? அவங்களுக்கு அஞ்சு மணிக்குள்ளே..."

"தெரியும். இப்போ மணி ரெண்டு முப்பத்தஞ்சு. உக்காரு அண்ணா."

தகட்டை மூடி, அவன் கண்ணெதிரே மறுபடி ஓட்டிக் காட்டினாள். நோட்டையும் நீட்டினாள். காட்டுவது, உள்ளே இருப்பது. எண்களைப் பார்த்தால் அண்ணனுக்கு வேறு விளக்கம் வேண்டாம். பத்து ஐம்பது வண்டி பதினொன்று பத்துக்கு வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். முள் 225-ஐத் தொட்டபோது அவன் நாற்காலியில் இல்லை. அவனும் தரையில், தங்கைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான்.

சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தான். ஒன்பது வரி. பேனாவால் ஒவ்வொரு கேக்காக அடித்தான். ஏழு வரி போய், மிச்சம் இரண்டு நின்றன. குழாயைத் திறந்து விட்டுவிட்டது. ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டது.

"குழாயை நானும்தான் திறந்து விட்டிருக்கேன்" என்றான். அதையும் அடித்தான்.

"நீ கேட்ட கேள்வியையே நாலு தடவை கேக்கற ஆள்" என்றாள் சின்னவள்.

அதையும் அடித்தான்.

அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் எழுந்து அவள் எதிரில் போய் நின்றான். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"அம்மா, நான் வந்து..."

"பெட்டி நல்லா இருக்கேடா பெரியவனே" என்றாள் அம்மா. "திருப்பிக் குடுத்துடாதே. கேக் டின்னெல்லாம் போட்டு வைக்கலாம்."

ஆறடி மனிதன், மீசை நரைக்க ஆரம்பித்தவன், அம்மாவின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். அம்மா அவன் முதுகில் தட்டினாள். மூவரில் அப்போது அழாமல் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

"சரி, சரி. ஆபீஸ்ல உன்னைப் பாத்து வண்டி எல்லாம் நிக்குது, நீ இங்க நின்னு அழுதுக்கிட்டிருக்கே. என்ன கேக் வேணும், சொல்லு."

"எலுமிச்சை."

"எட்டு வயசுல கேட்டதையே இன்னும் கேக்கறான் பாரு."

சின்னவள் கணக்குப் போட்டாள். புதுச் சென்சாரை அதே தெருக்கோடிக் கடையில் வாங்க முடியாது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உதிரிபாகக் கடை இருக்கிறது, ஆறு மணிக்கு மூடுவார்கள். அண்ணன் போய் வாங்கி வரட்டும். அதுவரை பலகையில் 145 வைத்தால் உள்ளே 180-க்குப் பக்கம் நிற்கும். வட்டத் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே ஒரு கேக் போட்டுவிடலாம்.

ஓவனின் மாடல் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி அண்ணன் கையில் கொடுத்தாள். எழுதியது சரியா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

அவன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, தாழ்ந்த குரலில் கேட்டான். "இல்லத்துக்கு என்ன சொல்றது?"

"நீ என்ன நெனக்கிற?"

"வேண்டாம்னுதான் நெனக்கிறேன். ஆனா நீயும் சொல்லு. இந்தத் தடவை வாயைத் திறந்து சொல்லு. கடைக்குப் போயிட்டு அங்கிருந்து ஃபோன் பண்றேன். அதுக்குள்ளே யோசி."

"யோசிக்க என்ன இருக்கு?" என்றாள்.

*

நாலரை மணிக்குச் சமையலறையில் எலுமிச்சைத் தோல் துருவும் வாசனை. வீட்டில் ஐந்து மாதமாகக் கரியும் புகையும்தான். இந்த வாசனை எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வந்தது போல இருந்தது.

அம்மா கிண்ணத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு வெண்ணெயும் சர்க்கரையும் அடித்தாள். மெஷினை வைத்து அடித்தால் பதம் கைக்குத் தெரியாது என்பாள். முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள். மூக்கு நுனியில் மாவு.

"ஏழு அங்குல டின் எடுத்துக் குடுடி. ஓவன் கீழ் டிராயர்ல, அடியில இருக்கும். கொஞ்சம் சிக்கும், தூக்கி இழுக்கணும்."

சின்னவள் தூக்கி இழுத்தாள். டிராயரில் தட்டுகள், கம்பி வலை, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய டின்கள். எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள். ஏழு அங்குல டின்னுக்கு அடியில் கேக் பெட்டி ஒன்று, மூடியபடி இருந்தது. அதன் மூடியில் அம்மா தேதி போட்டிருந்தாள்.

திறந்தாள்.

உள்ளே மூன்று வட்டத் தெர்மாமீட்டர்கள் இருந்தன. முள் வைத்தவை. காலையில் அவள் வாங்கி வந்ததும் இதே அச்சுத்தான். ஒவ்வொன்றிலும் ஓர் அட்டைத் துண்டு நூலால் கட்டியிருந்தது, மருந்து பாட்டிலில் கட்டுகிற மாதிரி.

முதல் அட்டை. ஜனவரி 16. 'ஓவன் 180 காட்டுகிறது. உள்ளே 225. சென்சார் கோளாறாக இருக்கலாம். இன்றுதான் கவனித்தேன். சின்னு வந்ததும் சொல்ல வேண்டும்.'

இரண்டாவது. மார்ச் 3. 'ஓவன் 180 காட்டுகிறது. உள்ளே 225. இன்றுதான் கவனித்தேன். சின்னு வந்ததும் சொல்ல வேண்டும்.'

மூன்றாவதின் தேதியை அவள் இரண்டு தடவை படித்தாள். பத்து நாளுக்கு முந்தைய தேதி. 'ஓவன் சரி, அப்போ நான்தான்' என்று ஆகி, பத்து நாளுக்கும் மேலான பிறகு எழுதியது. புகை வந்த நாளுக்கு மூன்று நாள் முன்னால். அதிலும் அதே வரிகள், அதே தெளிவான மருந்துக்கடைக் கையெழுத்து. 'இன்றுதான் கவனித்தேன்.'

மூன்று தடவை அம்மா சந்தேகப்பட்டிருக்கிறாள். மூன்று தடவை கடைக்கு நடந்து போய், வாங்கி வந்து, தொங்கவிட்டு, முள்ளைப் பார்த்து, சரியான இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். சின்னவள் ஐந்து மாதம் கழித்து, நோட்டும் மீட்டரும் வைத்துக் கண்டுபிடித்ததை, அவள் வெறும் கண்ணால் கண்டுபிடித்திருக்கிறாள். தன் மேல் தப்பில்லை என்பதற்கான சாட்சியைத் தன் கையாலேயே எழுதி, தேதி போட்டு, பத்திரமாக வைத்திருக்கிறாள்.

வைத்ததை மறந்திருக்கிறாள்.

உங்க தெருவுல நல்லா ஓடுது என்று கடைக்காரம்மா சொன்னது இப்போதுதான் புரிந்தது. தெருவில் எல்லோரும் வாங்கவில்லை. ஒருத்திதான் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"டின் கெடைக்கலையா?" அம்மா கேட்டாள்.

"கெடைச்சுது."

பெட்டியை மூடினாள். டிராயரின் அடியிலேயே வைத்து, மேலே தட்டுகளை அடுக்கினாள். மூன்று அட்டைகளை மட்டும் நூலிலிருந்து உருவி, நோட்டின் கடைசிப் பக்கத்தில் செருகினாள். ஏன் செருகினாள்? அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. கிழித்துப் போட மனசு வரவில்லை. காட்டவும் மனசு வரவில்லை.

அம்மா டின்னில் வெண்ணெய் தடவி, மாவை ஊற்றி, மேசையில் இரண்டு தட்டுத் தட்டினாள். பலகையில் 145 வைத்திருந்தது. உள்ளே முள் 180-க்கு வந்திருந்தது. அம்மா டின்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். சினிமா பார்க்க உட்கார்ந்த மாதிரி இருந்தது முகம். இத்தனை மாதமாக அந்த முகத்தை இப்படிப் பார்க்கவில்லை.

ஃபோன் அடித்தது. மணி நாலு ஐம்பத்திரண்டு.

"சென்சார் வாங்கிட்டேன்" என்றான் அண்ணன். பின்னால் பஸ் ஹாரன். "அதே நம்பர்தான், ரெண்டு தடவை பாத்துட்டேன். உன் வியாதி எனக்கும் வந்துடுச்சு. அம்மா என்ன பண்றாங்க?"

"கேக் உள்ளே வெச்சாச்சு. பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டிருக்காங்க."

"சந்தோஷமா இருக்காங்களா?"

"ம்."

"சரி, சொல்லு. இல்லத்துக்கு ஃபோன் பண்ணணும். வேண்டாம்னு சொல்லிடவா?"

நோட்டு மேஜை மேல் கிடந்தது. கடைசிப் பக்கத்தில் செருகிய அட்டைகளால் அதன் பின்னட்டை கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தது. அவள் அதன் மேல் கையை வைத்து அழுத்தினாள்.

சொல்லிவிடலாம். அண்ணா, ஓவனும் கெட்டுப்போச்சு, அம்மாவும்... அந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது? சொல்லாவிட்டால், உள்ளே 225 வைத்துக்கொண்டு வெளியே 180 காட்டுகிற அந்தக் குச்சிக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்? ஆனால் இன்றைக்குத்தானே அம்மா புடவைகளைத் திரும்ப பீரோவில் வைத்தாள். காலையில்தானே வைத்தாள்.

"மீட்டர்? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"என்ன சொல்லட்டும்?"

"வேண்டாம்னு சொல்லிடு" என்றாள் சின்னவள்.

"உறுதியாத்தானே சொல்ற?"

"உறுதியாத்தான்."

அந்தப் பக்கம் அண்ணன் பெருமூச்சு விட்டது கேட்டது. ஐந்து மாதம் அடக்கி வைத்திருந்த மூச்சு. "நல்லதுடி. இப்பவே பண்ணிடறேன். இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு."

ஃபோனை வைக்கப் போனாள். அம்மா நாற்காலியிலிருந்து திரும்பினாள்.

"சின்னு, இங்க வாயேன்." மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். விரலால் பலகையைத் தொட்டாள். பிறகு கண்ணாடிக்குப் பின்னால் இருந்த முள்ளைச் சுட்டிக் காட்டினாள். முகத்தில் வியப்பு, கொஞ்சம் பெருமையும்கூட. "இதுல நூத்தி நாப்பத்தஞ்சு காட்டுது. உள்ளே பாரு, நூத்தி எண்பது. இந்த ஓவன்ல ஏதோ கோளாறுடி. இன்னிக்குத்தான் கவனிச்சேன். நீ வந்ததும் சொல்லணும்னு நெனச்சேன்."

எலுமிச்சை வாசனை வீடு முழுக்கப் பரவியிருந்தது. கேக் அழகாக உப்பிக்கொண்டு வந்தது.

ஃபோன் இன்னும் சின்னவளின் காதோரம் இருந்தது. அந்தப் பக்கம் பஸ் ஹாரன்கள் கேட்டன. அண்ணனின் மூச்சு மட்டும் கேட்கவில்லை.

"அம்மா இப்போ என்ன சொன்னாங்க?" என்றான் அவன்.